பிளஸ் டூ தேர்ச்சியை வைத்துக் கல்லூரிக்குத் தயாரா என்று சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைப் பக்கம் நகரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். பள்ளியின் பிளஸ் டூ தேர்ச்சி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் பலர் முதல் வருஷம் முடிவதற்குள் அரியர் ஏறி, வகுப்புக்குப் போவது குறைந்து, துணிக்கடைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் நகரத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கல்லூரிக்குத் தயாரா என்று அளக்கிறார்களாமே, அதுபோல நாமும் ஒரு டெஸ்ட் வைத்துப் பள்ளியை எடை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பிள்ளை கல்லூரியில் தாக்குப்பிடிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்பது ஒன்று. அதை வைத்து இந்தப் பள்ளி நல்ல பள்ளியா என்று தீர்ப்புச் சொல்லலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. இரண்டாவதை ஒரு டெஸ்டை வைத்துத் தீர்க்க முடியாது.

நான் டெல்டாவில் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். முதலாமாண்டு வகுப்பைக் கேட்டு வாங்கி எடுத்தவன். எனவே நான் சொல்வதெல்லாம் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேரும் பிள்ளைகளுக்குத்தான். பொறியியலும் மருத்துவமும் வேறு கதை, இதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். தேர்ச்சி விகிதம் கல்லூரிக்கான தகுதியைக் காட்டாது. 2025-ல் மாநிலத்தின் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். ஏறக்குறைய எல்லோரும் தாண்டுகிற கோட்டை வைத்து யார் தயார், யார் தயாரில்லை என்று பிரிக்க வழியில்லை. பள்ளிப் படிப்பை முடித்தார் என்று சொல்வதுதான் அதன் வேலை. மதிப்பெண் கணக்குக்குள் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். இயற்பியல் போலச் செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேற மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் 15 இருந்தால் போதும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலும் முழுசாகவோ ஒன்றிரண்டு குறைத்தோ போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் மார்க் ஷீட்டில் 45 என்று இருக்கும் இடத்தில், பிள்ளை மார்ச் மாதம் உட்கார்ந்து எழுதி வாங்கியது வெறும் 15 ஆகவும் இருக்கலாம். இயற்பியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டுமே 15 இருக்கின்றன. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் மினிமம் மெட்டீரியல் என்று தேறுவதற்கு மட்டும் தொகுத்துத் தரும் குறிப்புகளையும் உருப்போட்டால் கரை சேர்ந்துவிடலாம். நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. எழுதப் படிக்கத் திணறுகிற பிள்ளையை மார்ச்சுக்குள் தேற வைக்க அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

அந்தச் சதவீதம் யாருடைய சதவீதம் என்பதையும் கவனியுங்கள். அது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்களின் கணக்கு. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு அறைக்கே வரவில்லை. அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தேர்ச்சி 94.03 சதவீதம். வராத பிள்ளை அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. உங்கள் பள்ளியில் ஒரே செட்டுப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில், அதாவது பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில், எத்தனை பேர், பிளஸ் ஒன்னில் எத்தனை பேர், பிளஸ் டூ கடைசித் தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதத்தைவிட இந்த நான்கு எண்கள் உங்கள் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும்.

சரி, தயாராக இருப்பது எதில் தெரியும்? வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகளுக்கு நாளிதழில் வருவது போன்ற மேட்டூர் அணைச் செய்தி ஒன்றைக் கொடுப்பேன். நீர்வரத்து வினாடிக்கு 8,000 கன அடி, திறப்பு 12,000 கன அடி, இருப்பு 70 டி.எம்.சி. என்று நாலு வரி, தமிழில்தான். மூன்று கேள்விகள். நாளைக்கு நீர்மட்டம் ஏறுமா இறங்குமா, ஏன்? முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால் அணை இப்போது ஏறக்குறைய எவ்வளவு நிரம்பியிருக்கிறது? இந்தச் செய்தியில் சொல்லாத எந்த விவரம் தெரிந்தால் உன் பதில் மாறும்? ஜூன் 12 நெருங்கினால் வீட்டிலும் டீக்கடையிலும் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அவர்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. இருந்தும் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்களில் ஒரு சாரார், 'மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது, இதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர்' என்று அழகான கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதித் தருவார்கள். கேட்டது ஒன்று, எழுதியது தெரிந்த இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு முக்கால்வாசி என்று கண்ணால் பார்த்துச் சொல்லாமல், தசமத்தை வைத்துக்கொண்டு வகுத்து வகுத்து, கடைசியில் நூற்றுக்கு மேல் ஒரு விடை எழுதி, அது எப்படி வரும் என்று யோசிக்காமலே தாளைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மூன்றாவது கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'கர்நாடகாவில் மழையா என்று தெரிய வேண்டும். மழை பெய்தாலும் தண்ணி இங்கே வந்து சேர நாளாகும். அதனால் நாளைக்கு இறங்கும். அதற்கப்புறம் சொல்ல முடியாது.' அவளுடைய பிளஸ் டூ மொத்தம் வகுப்புச் சராசரிக்குக் கீழே. அவள் மூன்று வருஷத்தையும் அரியர் இல்லாமல் முடித்தாள். ஒரு பெண்ணைக் காட்டி விதி எழுத மாட்டேன். ஆனால் படித்ததில் எது இருக்கிறது, எது இல்லை, எதுவரை உறுதியாகச் சொல்லலாம் என்று பிரிக்கத் தெரிவது கல்லூரிப் பாடத்துக்கு அடிப்படை. அதை எந்த மார்க் ஷீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அமெரிக்கர்கள் இதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அங்கேயும் ஒரே அளவுகோல் கிடையாது. ஏ.சி.டி. என்ற நுழைவுத் தேர்வில் 36-க்குக் கணிதத்தில் 22, ஆங்கிலத்தில் 18 என்று ஒரு கோடு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் இருக்கும் மாணவர், கல்லூரி முதலாண்டில் அந்தப் பாடத்தில் பி கிரேடோ அதற்கு மேலோ வாங்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதற்கு அர்த்தம். அதாவது அந்தக் கோட்டில் நிற்பவர்களில் பாதிப் பேர் பி வாங்க மாட்டார்கள். கேட்பவர்கள் இதை மறந்துவிட்டு, கோட்டைத் தாண்டினால் தயார், தாண்டாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ரீஜென்ட்ஸ் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேற 65 போதும். ஆனால் கல்லூரி முதலாண்டில் ஒழுங்காகத் தேறியவர்கள் பள்ளியில் எவ்வளவு வாங்கியிருந்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தபோது, ஆங்கிலத்தில் 75, கணிதத்தில் 80 என்று வந்தது. எண்கள் அவர்களுடையவை, அவற்றை இங்கே இறக்குமதி செய்வதில் பயனில்லை. கணக்குப் போட்ட திசையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் என்ன நடந்தது என்பதிலிருந்து பள்ளியை நோக்கி வந்தார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது சிகாகோ நகர அரசுப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள். அங்கே பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று அந்தப் பள்ளிகளையே பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்தது. ஏழைப் பிள்ளைகள், பள்ளியை நடுவில் விடுகிறவர்கள் அதிகம், நம் நிலைமைக்குக் கிட்டத்தில் வரும். 2005-ல் அவர்கள் சொன்னது: ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, முழு ஆண்டுப் பாடங்கள் ஐந்திலாவது தேறி, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் தவறாத பிள்ளை, மற்றப் பிள்ளைகளைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளியை உரிய காலத்தில் முடிக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இது நன்றாகக் காட்டியது. பின்னர் 2020-ல் வந்த ஆய்வில், கல்லூரிப் பட்டத்தை முடிப்பார்களா என்பதை ஏ.சி.டி. மதிப்பெண்ணைவிடப் பள்ளி வகுப்பறை மதிப்பெண்களின் சராசரி ஐந்து மடங்கு வலுவாகக் காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்தச் சராசரிக்குள் நான்கு வருஷ வருகை, வீட்டுப்பாடம், பிடிக்காத பாடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்த பொறுமை எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரு நாள் தேர்வில் அவை தெரியாது.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. 'பார்த்தீர்களா, நுழைவுத் தேர்வைவிட மதிப்பெண் மேல்' என்று நம் ஊர் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இதைச் சாதகமாகக் காட்டக் கூடாது. அவர்கள் சொல்லும் மதிப்பெண் நான்கு வருஷ வகுப்பறை வேலையின் சராசரி. நம்முடையது மார்ச் மாதத்தின் சில நாட்கள். நம் பள்ளியில் அதற்கு ஈடாக ஏதாவது இருக்கிறதென்றால் அது வருகைப் பதிவேடும், காலாண்டு, அரையாண்டுத் தாள்களும்தான். அவை நம் பிள்ளைகளுக்கும் அதே வலுவோடு முன்னறிவிக்கும் என்பது என் கணிப்பு, நிரூபிக்கப்பட்ட உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வருகையைப் பற்றி எனக்குச் சந்தேகம் குறைவு. நகரப் பள்ளி என்றாலும் பாதிப் பிள்ளைகள் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். புரட்டாசி, ஐப்பசியில் நடவு, தை, மாசியில் சம்பா அறுப்பு, நடுவில் மழைக்கால விடுமுறைகள். இந்த மாதங்களில் மட்டும் வராமல் மற்ற மாதங்களில் ஒழுங்காக வரும் பிள்ளை ஒரு ரகம், வருஷம் பூராவும் வாரத்தில் இரண்டு நாள் விடும் பிள்ளை இன்னொரு ரகம். ஆண்டு மொத்தச் சதவீதம் இரண்டையும் ஒன்றாகக் காட்டும். மாதவாரியாகப் பாருங்கள். கல்லூரியில் நின்றுபோகிறவர்கள் இரண்டாவது ரகத்திலிருந்துதான் பெரும்பாலும் வந்தார்கள்.

மொத்த மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம், பாடவாரியாகப் பாருங்கள். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் பரிசோடு முடித்து, உதவித்தொகையோடு அங்கேயே அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்றதில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். மேதைகளை வைத்துச் சாதாரணப் பிள்ளைகளுக்கு வழி சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு பாடம் மொத்தத்தையும் கவிழ்ப்பது எங்கள் வகுப்புகளில் ஒவ்வொரு நவம்பரிலும் நடந்தது. பகுதி இரண்டு ஆங்கிலமும், துணைப்பாடமாக வரும் கணிதமும் புள்ளியியலும்தான் அந்தப் பாடங்கள்.

ஆங்கிலம் பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: தமிழ் வழியில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் பாடம் நடந்ததும் திணறுகிறார்கள். இது பாதி உண்மை என்பது என் கருத்து. தமிழில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து அதன் சாரத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, முதல் வருஷம் தட்டுத்தடுமாறி, இரண்டாம் வருஷத்தில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு பழகிவிடுகிறது. தமிழிலேயே அது வராத பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு சாக்குத்தான், நோய் வேறு இடத்தில். அதனால் உங்கள் பள்ளியில் ஏதாவது ஒன்றைச் சோதிக்க விரும்பினால், ஒன்பதாம் வகுப்பிலேயே தமிழ் வாசிப்பைச் சோதியுங்கள். பிளஸ் டூவில் கண்டுபிடித்தால் சரி செய்ய நேரம் இருக்காது.

இனி இரண்டாவது கேள்வி, பள்ளியை எடை போடுவது. டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலேயே சொன்னார், ஓர் எண்ணை வைத்து முடிவுகள் எடுக்க ஆரம்பித்தால் அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்று. தேர்ச்சி விகிதத்துக்கு நம் கண் முன்னாலேயே அது நடந்தது. நாளைக்குத் தயார்நிலை என்று இன்னோர் எண்ணைக் கொண்டுவந்து அதற்கும் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தினால், அதற்கும் ஒரு மினிமம் மெட்டீரியல் வந்துவிடும். பலவீனமான பிள்ளையைச் சேர்க்கவே தயங்குவார்கள். உங்கள் பள்ளி ஆறாம் வகுப்பில் யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதைப் பார்க்காமல், பன்னிரண்டில் எங்கே கொண்டுவிட்டது என்று மட்டும் கேட்பது அநியாயம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் நிறைந்த பள்ளியையும், பெற்றோர் இருவரும் சம்பளக்காரர்களாக உள்ள பள்ளியையும் ஒரே பட்டியலில் மேல், கீழ் என்று வைக்க முடியாது.

கணிதக்காரன் என்ற முறையில் இன்னொன்று. உங்கள் பள்ளியிலிருந்து ஓர் ஆண்டில் முப்பது பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் நின்றால் பத்து சதவீதம், ஆறு பேர் நின்றால் இருபது. அந்த மூன்று பேரில் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கு வேறு ஊரில் வேலை என்று இருக்கலாம். பள்ளியின் தரம் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்கு சரிந்துவிட்டது என்று சொல்ல இதில் இடமில்லை. மூன்று ஆண்டுகளைச் சேர்த்தே பாருங்கள். 2021-ல் தேர்வே நடக்கவில்லை, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டை எதனோடும் ஒப்பிட வேண்டாம்.

டெஸ்ட் வைத்துப் பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் நுழையும்போதே ஒரு தேர்வு வைத்து, தேறாதவர்களை அடிப்படை வகுப்புக்கு அனுப்பினார்கள். 2012-ல் அதை ஆராய்ந்தபோது, கணிதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பெரிய அளவில் தவறான இடத்தில் போடப்பட்டிருந்தார்கள். நேரடியாக வகுப்பில் உட்கார வைத்திருந்தாலே நன்றாகத் தேறியிருக்கக்கூடியவர்கள் அதில் பலர்.

அப்படியானால் என்ன செய்வது? கல்லூரியில் சேர்ப்பது இன்று தமிழ்நாட்டில் பெரிய சிக்கல் இல்லை. 2021-22 கணக்கில் நம் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. புதுமைப்பெண் 2022-லும், தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தபின் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கிறது, அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நிஜமாகவே உதவுகிறது. சேர்ந்தவர் இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைத்தான் பள்ளிக்கு யாரும் திருப்பிச் சொல்வதில்லை. மாணவர் விவரங்களைப் பதிய அரசு வைத்திருக்கும் கணினித் தொகுப்பில் பள்ளிப் பிள்ளைக்கு எமிஸ் எண் இருக்கிறது, கல்லூரியில் அதேபோல யூமிஸ் இருக்கிறது. இரண்டையும் கோத்து, 'உங்கள் பள்ளியிலிருந்து வந்தவர்களில் இத்தனை பேர் இந்தப் பாடத்தில் தவறினார்கள்' என்று ஒரு தாள் பள்ளிக்குப் போனால் போதும், பெயர்கூட வேண்டாம். அந்தத் தாளைப் பார்க்கும் கணித ஆசிரியருக்கு அடுத்த வருஷம் எதைக் கூடுதலாக நடத்த வேண்டும் என்று தானே தெரியும். அரசு இதைச் செய்யும்வரை உங்கள் குழுவே செய்யலாம். பக்கத்துக் கல்லூரியின் துறைத் தலைவர்களைப் போய்ப் பாருங்கள், கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

ஆய்வாளர் டேவிட் கான்லி தயார்நிலையை நான்காகப் பிரித்தார்: யோசிக்கும் முறை, பாட அறிவு, படிக்கும் பழக்கம், கல்லூரி என்ற இடம் எப்படி இயங்குகிறது என்ற விவரம். நாலாவதை இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதில்தான் பிள்ளைகள் அநாவசியமாகப் போகிறார்கள். பள்ளியில் நாமினல் ரோலை ஆசிரியர் பார்த்துக்கொண்டார், ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. கல்லூரியில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கட்டணம், கட்ட வேண்டும், உள்மதிப்பீட்டுத் தேர்வு எழுதாவிட்டால் அந்த மதிப்பெண் போனது போனதுதான், தேர்வுக் கட்டணத்தைத் தேதிக்குள் கட்டாவிட்டால் அபராதம், அதற்கும் மேல் போனால் அந்த செமஸ்டரே இல்லை. வீட்டில் இதைச் சொல்ல ஆள் கிடையாது. முதல் செமஸ்டர் தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வரும், பஸ் நிற்கும், வீட்டில் நடவுச் செலவு முடிந்து கையில் காசு இருக்காது. எனவே இந்த ஜூனில் கல்லூரி சேர்ந்த உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் போன் எண்களை வாங்கி வையுங்கள். ஆகஸ்டில் ஒரு தடவை கூப்பிட்டு, வகுப்புக்குப் போகிறாயா, எந்தப் பாடம் புரியவில்லை என்று கேளுங்கள். தேர்வுக் கட்டண அறிவிப்பு வந்ததும் இன்னொரு தடவை கூப்பிட்டு, கட்டிவிட்டாயா என்று கேளுங்கள். கட்டாதவர்களுக்கு அந்தத் தொகையைப் பழைய மாணவர்களிடம் அப்போதே திரட்டிக் கொடுங்கள், கடைசித் தேதி தாண்டியபின் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.